எஸ்ரா ஹார்கின் கல்லைப் புரட்டிய கதை

அமெரிக்காவின் மிசூரியில் ஹார்கின் பண்ணையைக் கடந்து போன யாரும் எஸ்ரா ஹார்கின் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. மாட்டுவண்டியில் முதலில் வந்தவர், ஒற்றை ஆளாகக் காடு வெட்டியவர், ஊருக்கே மூத்தவர். சொல்கிறவர் அவருடைய கொள்ளுப்பேரன் டெல்பர்ட். கதை முடிந்ததும் மனைவி லூவெல்லாவைக் காட்டி, "இவ ஆளுங்க ஸ்லோகம் குடும்பம். அப்புறமா எங்ககிட்ட பொழைக்க வந்தவங்க" என்று சேர்த்துக்கொள்வார். முப்பது வருஷமாக லூவெல்லா மறுபேச்சுப் பேசியதில்லை. அடுப்படியில் பாத்திரம் மட்டும் கொஞ்சம் பலமாக விழும்.

அந்தக் கோடையில் இரு குடும்பத்தாரும் கூடி, சோளக்காட்டு மேட்டிலிருந்த பழைய இடுகாட்டு வாசலுக்கு இரும்பு வளைவு வைப்பதென்று முடிவு செய்தார்கள். அதில் இரண்டு பெயரும் வரும். முதலில் குடியேறியவர்கள் பெயர் முதலில். அதிலென்ன சந்தேகம் என்றார் டெல்பர்ட். எஸ்ராவின் கல்லறைக்கல் எங்கோ மண்ணுக்குள் கிடந்தது. அதையும் எடுத்து நிறுத்திவிட்டால் ஸ்லோகம் வீட்டார் வாயே திறக்க முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் கம்பியால் தரையைக் குத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் 'ணங்' என்றது. புல்லை உரித்து, கல்லை நெம்பிப் புரட்டி, மண்ணைத் துடைத்து வாசித்தார்.

'எஸ்ரா ஹார்கின். ஜோசயா ஸ்லோகத்தின் பண்ணையாள், பின்பு வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் தம் செலவில் நட்ட கல்.'

டெல்பர்ட் இன்னொரு தடவை வாசித்தார். முன்னோர் என்று அவர் தேடிப்போன எஸ்ரா பின்னோராகிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மேட்டடியில் வண்டி வந்து நின்றது. லூவெல்லா இறங்கினாள். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் ரோஜாக்கன்று.

கல்லைக் குப்புறத் தள்ளினார். புல்லை இழுத்துப் போர்த்தினார். மேலே ஏறி நின்றுகொண்டார்.

"கொஞ்சம் நகரு டெல்பர்ட். இங்கதான் நடணும்."

"இங்க வேணாம் லூ. வெயில் ஜாஸ்தி."

"ரோஜாவுக்கு வெயில்தான் வேணும்."

"மண்ணு சரியில்ல."

"தோண்டிப் பார்த்தாத்தானே தெரியும்?"

மண்வெட்டி அவர் பூட்ஸை ஒட்டி இறங்கியது. கல்லில் உரச இரண்டு விரற்கடைதான் பாக்கி. பாய்ந்து காம்பைப் பிடித்துக்கொண்டார். வேறெங்கே வேண்டுமானாலும் நடு, குழியை நானே வெட்டுகிறேன் என்றார். அவள் அசையவில்லை. புது அடுப்பு வாங்கலாம் என்றார். உன் அக்கா வந்து கோடை முழுக்கத் தங்கட்டும் என்றுகூடச் சொல்லிவிட்டார். அதற்கும் அவள் பிடி தளரவில்லை.

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

"வளைவுல எங்க ஸ்லோகம் பேரு முதல்ல வரட்டும்."

மண்வெட்டி மறுபடி மேலே எழுந்தது.

"வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இடுகாட்டு மேட்டில் இரு வீட்டாரும் சாப்பிட உட்கார்ந்ததும் டெல்பர்ட் எழுந்து, பெண் வீட்டாருக்கு மரியாதை செய்ய விரும்புவதாக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். இப்பேர்ப்பட்ட பெருந்தன்மை யாருக்கு வரும் என்றார்கள். கண்ணெதிரே 'ஸ்லோகம்' முன்னாலும் 'ஹார்கின்' பின்னாலும் வளைவில் ஏறின. சாயங்காலத்துக்குள் வளைவின் காலில் சிமெண்டும் இறுகிவிட்டது.

வீடு திரும்பியபோது ரோஜாக்கன்று இன்னும் தொட்டியிலேயே இருந்தது. ரகசியம் பிழைத்த நிம்மதியில், குழி எங்கே வெட்டட்டும் என்று டெல்பர்ட் தாராளமாகக் கேட்டார்.

"நம்ம வீட்டு வாசல்லயே வெட்டு," என்றாள் லூவெல்லா. "அந்த மேட்டுல வேர் எறங்காது. போன வருஷம் அந்தக் கல்லைப் படிச்சுட்டு, திருப்பிப் போட்டு மூடினதே நான்தான்."