வாசலை மறித்த லோரி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கர்நாடக சங்கீதத்துக்கு லோரி அண்ணனைவிடப் பெரிய தொண்டு செய்தவர் யாரும் கிடையாது. இத்தனைக்கும் அவருக்கு ஒரு வரி பாட வராது. அவரிடம் இருந்ததெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் ஒரு கிழட்டு லோரியும், ஊரில் வேறு யாருக்கும் இல்லாத கச்சேரி ஆசையும்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

செர்டாங்கில் எங்கள் கோயில் மண்டபத்தில் வருடத்துக்கு ஒரு கச்சேரி நடக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே லோரியின் பின்பக்கம் பேனர் ஏறிவிடும். பாட்டு, வயலின், மிருதங்கம், அரிசிச் சேமியாவில் கிளறிய மீகூன் இலவசம் என்று எல்லாம் அதில் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் கடைசி வரிவரை படிக்க வேண்டுமே என்று அண்ணன் நத்தை வேகத்தில் ஓட்டுவார். கூலிம் பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் நான் தினமும் அவர் பின்னால் மாட்டிக்கொள்வேன். ஹார்ன் அடித்தால் ஜன்னல் வழியே தலை வரும்.

"படிச்சிட்டியா தம்பி? படிச்சிட்டா ஓவர்டேக் பண்ணிக்கோ லா!"

ஒருநாள் போலீஸ் சார்ஜன் ஒருவர் அவரை ஓரங்கட்டி, ஏன் இப்படி ஊர்கிறாய் என்று மலாயில் அதட்டினார். அண்ணன் பேனரைக் காட்டி, "கொன்செர்ட், துவான். டத்தாங்லா, மாக்கான் அடா" என்றார். வாருங்கள், சாப்பாடும் உண்டு என்று அழைப்பு. கச்சேரியன்று அந்தச் சார்ஜன் மனைவி மக்களோடு முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

நம் ஆட்களும் வருவார்கள். முதலில் பிள்ளைகள் பாடுவார்கள் அல்லவா, தன் பிள்ளை பாடி முடித்த கையோடு போனில் ஒரு படம், கையில் ஒரு மீகூன் பொட்டலம், அவ்வளவுதான், கார் கிளம்பிவிடும். பினாங்கிலிருந்து வரும் பாட்டு டீச்சர் மங்களம் பாடும்போது பெரும்பாலும் மிஞ்சுவது அண்ணனும் நானும் நாற்காலி அடுக்குகிறவரும்தான். ஒரு வருடம் டீச்சர் சுருதிப்பெட்டியைப் பைக்குள் வைத்தபடியே கேட்டுவிட்டார்.

"அடுத்த வருஷம் நான் வரணுமாண்ணே? காலி நாற்காலிக்குப் பாடவா இவ்ளோ தூரம்?"

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் ஒரே ஒரு வருஷம் வாங்க டீச்சர். அப்பவும் எந்திரிச்சுப் போனாங்கன்னா நானே கூப்பிட மாட்டேன்."

அடுத்த வருடம் டீச்சர் வந்தார். பிள்ளைகள் பாடி முடித்தார்கள். வழக்கம்போல் கூட்டம் எழுந்து வெளியே போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. கோயிலின் ஒரே வாசலுக்குக் குறுக்கே லோரி நின்றது.

"அண்ணே, லோரிய எடுங்க! வீட்டுக்குப் போணும்."

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுப்பா."

"எப்பதான் ஆகும்?"

"மங்களம் பாடுனா ஆகும்."

"எனக்கு நைட் ஷிப்ட் இருக்கு லா!" என்றான் ஒரு இளைஞன்.

"மோட்டார் சைக்கிள்தானே? ஓரத்துல வழி விட்ருக்கேன், போ தம்பி."

"மீகூனாச்சும் குடுங்கண்ணே!"

"உள்ள சீட்டுல இருக்கு. கதவும் தொறக்க மாட்டேங்குது."

அண்ணனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே எல்லோரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டு அடங்கியது. போனை நோண்டிக்கொண்டிருந்த அக்கா அதைக் கைப்பைக்குள் போட்டார். மங்களம் பாடும்போது ஒருவர்கூட வாசலைப் பார்க்கவில்லை. அண்ணன் மட்டும் வாசலில் லோரியில் சாய்ந்து நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. லோரி உண்மையிலேயே ஸ்டார்ட் ஆகவில்லை. ஊரே கூடித் தள்ளியது. டீச்சர்கூடப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கை கொடுத்தார். அன்றிலிருந்து டீச்சர் எந்த வருடமும் வராமல் இருந்ததில்லை, லோரியும் வாசலில் நிற்காமல் இருந்ததில்லை.

போன வருடக் கச்சேரி முடிந்த கொஞ்ச நாளில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். லோரி பழைய இரும்புக்குப் போனது. இந்த வருட அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே பார்வையில் படித்து முடித்துவிட்டேன், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் கூலிம் ரோட்டில் எந்தச் செம்பனை லோரி மெதுவாகப் போனாலும் நான் முந்துவதில்லை. பின்பக்கம் பேனர் இல்லையென்று தெரிந்தும் கொஞ்ச தூரம் பின்னாலேயே போகிறேன். அந்தத் தலை ஒருமுறை ஜன்னல் வழியே வராதா என்று ஏக்கமாக இருக்கிறது.

நேற்று டீச்சர் போன் செய்தார். "அண்ணன் இல்லியே தம்பி. ஆளுங்க உட்காருவாங்களா?"

"உட்காருவாங்க டீச்சர், நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

என்னுடையது சின்னக் கார்தான். வாசல் முழுவதையும் மறைக்காது. ஆனாலும் வருகிற சனிக்கிழமை அதைக் குறுக்கே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போகப்போகிறேன். மோட்டார் சைக்கிளுக்கு ஓரத்தில் வழி விட்டுவிடுவேன். மங்களம் பாடி முடிந்ததும் எடுத்துவிடுகிறேன், அண்ணே.