பொறுப்பாளர் கையெழுத்து

"சார், நீங்களா?" என்று பாடம் நடத்த வந்த பெண் கேட்டதும், வெர்லின் ஸ்டக்கிக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருஷமாக ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவர். போன மாதம் கல்வி அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் புரட்டியதில் இவருடைய தகுதியில் ஓர் ஓட்டை அகப்பட்டது. ஆறு முதல் எட்டு வரை பாடம் எடுக்க, 'வளரும் பிள்ளைகளின் மனம்' என்ற பாடத்தையும் கல்லூரியில் படித்துத் தேறியிருக்க வேண்டுமாம். இவர் கணக்கெல்லாம் படித்திருந்தார்; மனத்தை விட்டுவிட்டார். ஆகஸ்டுக்குள் தேறாவிட்டால் ஏழாம் வகுப்பு கைவிட்டுப் போகும். யாராவது லீவு போட்டால் போய் நிற்கிற ஆளாகிவிடுவார்.

ஆகவே சனிக்கிழமைதோறும் வகுப்பு. ஆசிரியை கெல்சி, இவருடைய பழைய மாணவி. அம்மா கையெழுத்தைத் தானே போட்டு வந்து, இவரிடம் ஒரு வாரம் தண்டனை வாங்கியவள்.

வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. "எங்க கிளம்பிட்ட?" என்று மனைவி மார்லிஸ் கேட்டதும் வாயில் வந்ததைச் சொன்னார்.

"சர்ச்ல பாடறதுக்குச் சேர்ந்திருக்கேன். ஒத்திகை."

"நீயா? பாட்டா? என்னிக்குன்னு சொல்லு, முன்வரிசையில உட்காரணும்."

பொய்யைக் காப்பாற்ற, நிஜமாகவே பாடகர் குழுவில் சேர வேண்டியதாயிற்று. முதல் ஞாயிறே போதகர் காதோரம் வந்து, "உதட்டை மட்டும் அசைச்சாப் போதும் வெர்லின்" என்றார். வாரத்தில் மூன்று மாலை ஒத்திகை. வீட்டுப்பாடம் படுத்துவிட்டது.

"எங்க சார் வீட்டுப்பாடம்?" என்று அடுத்த வகுப்பில் கெல்சி கேட்டாள்.

"நாய் கிழிச்சிடுச்சு."

"அப்படியா? நாயோட போட்டோ கொண்டுவாங்க."

அவர் தம் மாணவர்களிடம் சொல்கிற அதே வார்த்தை. காது இரண்டும் சூடாகிவிட்டன. நாய் வளர்க்காதவர், அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நாயின் படத்தோடு போனார்.

அன்றுதான் கெல்சி பெரிய வேலையைக் கொடுத்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை ஆறு வாரம் கவனித்து எழுத வேண்டும். பெற்றோரோ பொறுப்பாளரோ அனுமதிச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். எந்தத் தாயிடம் போய் நிற்பது? ஊரே சிரிக்குமே! தள்ளிப்போட்டார்.

மற்ற வீட்டுப்பாடங்களைப் பக்கத்து இருக்கை டெஸ்ஸாவைப் பார்த்து எழுதிச் சமாளித்தார். இருபத்திரண்டு வயதுப் பெண். இவர் எட்டிப் பார்த்தால் நோட்டை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இன்னொரு நோட்டில் ஏதோ குறித்துக்கொள்வாள். தங்கமான பிள்ளை.

அப்படியும் இடைத்தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. விடைத்தாளைக் காலுறைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். அந்தச் சனிக்கிழமை மார்லிஸ் ஒரு காகிதப் பையை நீட்டினாள். உள்ளே ஓரம் வெட்டிய சாண்ட்விச். "பாடிப் பாடிப் பசிக்குமே" என்றாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளை ஏய்க்கிறோமே என்று அவருக்கு உறுத்தியது. சாண்ட்விச் இறங்கவில்லை.

கெடு நெருங்கியது. 'கோடி' என்று பெயர் வைத்து, இல்லாத ஒரு பையனைத் தாமே படைத்து, பத்துப் பக்கம் எழுதி, அவன் அம்மாவுக்காகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வகுப்பு முடிந்ததும் கெல்சி நிறுத்திவைத்தாள். "இந்தக் கோடி பொய்யே சொல்றதில்ல. வீட்டுப்பாடத்தை முந்தின நாளே முடிச்சிடறான். இப்படி ஒரு பிள்ளைய நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

கெல்சி அனுமதிச் சீட்டை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"கையெழுத்து வேற... சொந்தக் கையெழுத்து சாயுற பக்கந்தான் திருட்டுக் கையெழுத்தும் சாயும்னு என்கிட்ட சொன்னது யாரு சார்?"

"மன்னிச்சிடும்மா." குரல் உடைந்துவிட்டது. அன்று சிறுமியாக இருந்த கெல்சியை வகுப்பின் முன்னால் நிற்கவைத்துச் சொன்னது நினைவுக்கு வந்து, அவமானம் இரட்டிப்பாகியது.

"ஆறு வாரம் இல்லாட்டியும் போகுது, வெள்ளிக்கிழமைக்குள்ள நெஜப் பிள்ளை, நெஜக் கையெழுத்து. இல்லாட்டி ஃபெயில். டெஸ்ஸா எழுதினதைப் பாருங்க, நூத்துக்கு நூறு." கெல்சி ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

வெர்லின் நடைவழியில் ஓடி டெஸ்ஸாவைப் பிடித்தார்.

"அம்மா டெஸ்ஸா, என் வேலையே உன் கையில இருக்கு. நீ கவனிச்சு எழுதின பையனை எனக்கும் காட்டேன். அவங்க வீட்ல நான் கால்ல விழுந்தாவது கையெழுத்து வாங்கிக்கறேன்."

டெஸ்ஸாவின் முகம் சிவந்துவிட்டது. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பையன் யாரும் கிடைக்கல சார், அதனால உங்களைத்தான் எழுதினேன், சீட்டை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்குப் போனேன், 'இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு நான்தான்'னு உங்க வீட்டம்மா ஆறு வாரம் முந்தியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க."