ஏழாம் எண் முட்டையும் வராத மின்வெட்டும்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம், குஞ்சுகள் ஐந்தும் நலம். அங்கே நீங்களும் அண்ணனும் அவருடைய முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு நான் கடைசியாகக் கடிதம் எழுதியது, திருமணத்துக்கு நீங்கள் தந்த சுவர்க்கடிகாரத்துக்கு நன்றி சொல்லி. இதையும் ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஃபோனை எடுத்தால் உங்கள் தம்பி பக்கத்தில் வந்து நிற்கிறார். தவிர, நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு முட்டைகளில் ஐந்துதான் பொரிந்தன, மின்வெட்டுதான் காரணம் என்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி உங்களிடம் சொன்னதை அடுக்களையிலிருந்து கேட்டேன். அந்த இருபத்தொரு நாளில் எங்கள் தெருவில் ஒரு நிமிடம்கூட மின்சாரம் போகவில்லை. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனிதர் சொன்ன சின்னப் பொய் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். தவறான தகவல் குடும்பத்துக்குள் உலவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் வேலை பார்த்த தராசுத் தொழிற்சாலையை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. அந்தப் பதினோரு மாதத்தில் யாரும் சொல்லாமல் அவராகத் தொடங்கிய முதல் காரியம் அந்தப் பெட்டி. மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி, நாற்பது வாட் பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், வெப்பமும் ஈரமும் காட்டும் சிறு கருவி, எட்டிப் பார்க்க மூடியில் உள்ளங்கையளவு கண்ணாடி. ஒழுங்காகத்தான் செய்திருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை, “பார்க்கலாம்” என்றேன். ஏழாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கரு இல்லாத இரண்டை எடுத்துவிட்டு, மீதிப் பத்துக்கும் பென்சிலால் எண் போட்டோம். பதினெட்டாம் நாளிலிருந்து மூடியைத் திறக்காதே, குஞ்சு ஓட்டைக் கொத்தினாலும் கை வைக்காதே என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். “வர்றது வரும், வராதது வராது. நீ போய் உன் வேலையைப் பாரு” என்றும் சொன்னீர்கள். என்ன ஆதாரம் என்று கேட்டேன். நாற்பது வருடமாகக் கோழி வளர்ப்பதாகச் சொன்னீர்கள். அது ஆதாரம் இல்லை, அனுபவம் என்று மனத்துக்குள் திருத்திக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் காலையில் கண்ணாடியில் ஆவி படிந்து, உள்ளே கருவி என்ன காட்டுகிறது என்று தெரியாமல் போய்விட்டது. ஆவி படிந்திருந்தாலே ஈரம் போதும் என்று அர்த்தம். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போதோ, எண் தெரியாத இடத்தில் எனக்கு நிம்மதி இருக்காது என்பதால், ஒரு அட்டவணை போட்டேன். காலை ஆறு முதல் இரவு பத்துவரை மணிக்கு ஒருமுறை நான் மூடியைத் திறந்து அளவைக் குறிப்பது, ஒவ்வொரு முறையும் அதற்கு அரை மணி கழித்து அவர் திறந்து குறிப்பது. ஒருவர் எடுக்கும் அளவை நம்பக்கூடாது என்பது என் தொழில் தர்மம். நான் முன்னறையில் விடைத்தாள் திருத்துவேன், மணியானதும் எழுந்து உள்ளறைக்குப் போய்ப் பார்த்து எழுதிவிட்டு வருவேன், அடுத்த அரை மணியில் அவர் எழுந்து போவார். எங்கள் இருவருடைய எண்களும் அவ்வளவு அழகாக ஒத்துப்போயின, அண்ணி. இருபத்து மூன்று வருடத்தில் நாங்கள் அப்படி எதிலும் ஒத்துப்போனதில்லை. ஈரம் மூன்று நாளாக இறங்கிக்கொண்டே போனதையும் அட்டவணை துல்லியமாகக் காட்டியது. மூடியைத் திறந்து திறந்து நாங்கள்தான் இறக்குகிறோம் என்று காட்ட அதில் கட்டம் இல்லை.

இருபத்தொன்றாம் நாள் நான்கு குஞ்சுகள் தாமாக வந்தன. ஐந்து முட்டைகள் அசையவே இல்லை. ஏழாம் எண் மட்டும் காலையில் ஒரு சிறு ஓட்டை போட்டு, அலகு நுனியை வெளியே நீட்டி, கத்த ஆரம்பித்தது. மறுநாள் காலையிலும் அதே ஓட்டை, அதே அலகு. உள்சவ்வு காய்ந்து, பழுப்புத்தாள்போல் குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பக்கூட இடமில்லை. உங்கள் தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, காபி ஆறிப்போயிற்று. கை வைக்கக் கூடாது என்று அண்ணி சொன்னார்களே என்றேன்.

“உனக்கு எப்பலேர்ந்து அக்கா சொல்றது வேதமாச்சு?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சத்தம் கொறையுது” என்றார்.

அது செத்தால் பெட்டி பரணுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். பெட்டியோடு அவரும் போன மாதிரிதான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புருவம் திருத்தும் இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்த பிறகு முட்டையை உள்ளே கொண்டுபோனோம். அவர் ஃபோன் விளக்கைப் பிடித்தார். பஞ்சுக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துச் சவ்வைத் தடவி, முட்டையோட்டை அரிசிக் குருணை அளவுத் துண்டுகளாகப் பெயர்த்தேன். ஓரிடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. இரத்த நாளம் வற்றவில்லை, இன்னும் காத்திருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தோம். இப்படி நான்கு தடவை. நடுவில் இருந்த நேரமெல்லாம் அவர் கவிழ்த்த வாளியிலும் நான் முக்காலியிலுமாகக் குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தோம். தொழிற்சாலையின் கடைசி நாளில் தான் சரிபார்த்து முத்திரை வைத்த தராசை வாங்கிப்போக யாருமே வரவில்லை என்று அவர் சொன்னார். பதினோரு மாதத்தில் அன்றுதான் சொன்னார். வெந்நீர்க் குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தேன்.

மாலை நாலரைக்கு மேலோடு முழுவதும் கழன்றது. கடைசி உதையை அதற்கே விட்டுவிட்டேன். உதைத்தது. எடை பார்க்க வேண்டும் என்று அவர் தராசு எடுக்க ஓடினார். முப்பத்து மூன்று கிராம்.

ஆகவே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: அசையாமல் போன அந்த ஐந்தும் மின்வெட்டால் சாகவில்லை. மூன்று நாளில் மூடியை நூற்றிரண்டு தடவை திறந்தோம். அதில் ஐம்பத்தொன்று என்னுடையது, ஐம்பத்தொன்று உங்கள் தம்பியுடையது. குற்றம் சரிபாதி. என் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அவர் பாதியை அவரிடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. முட்டையிட்ட சிவப்புக் கோழிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பொருத்தமாக ஏதாவது நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் எழுதுவது முறையல்ல என்பதால், உறையில் போடுமுன் இதை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். “நான் ஒரு தடவைகூடத் தொறக்கல. அக்காதான் தொறக்காதேன்னாளே. நீ எழுதினதைப் பாத்து, கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு எழுதி வெச்சேன்” என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அட்டவணையை அவ்வளவு ஆசையாப் போட்டிருந்தியே” என்றார். ஆக, ஐம்பத்தொன்றுதான், ஐம்பத்தொன்றும் என்னுடையது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள். இனி யார் கேட்டாலும், எங்கள் தெருவில் அப்போது மின்வெட்டுதான், அண்ணி. மூன்று நாளும்.