மீனோடு வந்த பேர்மிற்

சீருடை போட்ட எவரைக் கண்டாலும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும். கனடாவில் மொன்றியலுக்கு வந்த புதிதில் தபால்காரரிடமே அடையாள அட்டையை நீட்டியிருக்கிறேன். (அவரும் வாங்கிப் பார்த்துவிட்டு, படம் நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தந்தார்.) மட்டக்களப்பில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். மீதிப் படிப்பெல்லாம் சோதனைச்சாவடிகளில்தான்.

ஊரில் சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். மனைவி சுகந்தியும் மகளும் அங்கே. என்னுடைய வதிவிட விண்ணப்பத்தில் அவர்கள் பெயரும் இருந்தது. அது சரிவந்தால்தான் அவர்கள் வரலாம். நான் ஒரு சின்னத் தப்புச் செய்தாலும் அதைக் கிழித்துப் போடுவார்கள் என்று நம்பினேன். ஆளில்லாத லாசால் தெருவிலும் பச்சை விளக்கு விழும்வரை பனியில் நிற்பேன்.

அப்படிப்பட்டவனைத்தான், தொழிற்சாலையில் கூட வேலைசெய்த யாழ்ப்பாணத்து யோகன் அண்ணை, ஒரு சனிக்கிழமை மாகாணப் பூங்கா ஏரிக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போனார்.

“அண்ணை, என்னட்ட லைசென்ஸ் இல்லையே.”

“என்ர லைசென்சிலை குடும்பமே பிடிக்கலாம். நீ என்ர தம்பியெல்லே? பேசாமல் தூண்டிலைப் போடு.”

அவர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து எனக்கு ஒரு மீன் அகப்பட்டது. திரும்பினால், பச்சைச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி வருகிறாள். பக்கத்திலேயே வாளி இருந்தது. நானோ மீனைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் போட்டு ஸிப்பையும் இழுத்துவிட்டேன்.

“பொன்ஜூர். பெர்மி?”

பேர்மிற், அதாவது அனுமதிப்பத்திரம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். என்னிடம் இருந்த ஒரே பேர்மிற், வேலை செய்வதற்கானது. அதுவும் அதே பைக்குள். ஸிப்பைத் திறந்து கடதாசியை இழுத்தேன். கூடவே மீனும் வந்து அவளுடைய கால் சப்பாத்தில் விழுந்து துடித்தது.

அவள் மீனைப் பார்த்தாள். செதில் ஒட்டிய கடதாசியை வாசித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பூங்காவில் களவாக வேலை செய்கிறேன் என்று நினைத்துவிட்டாளாக்கும்.

“நோ வேர்க், மேடம். ஒன்லி ஈற்,” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

யோகன் அண்ணை மூச்சிரைக்க ஓடிவந்து, நான் தன் தம்பி என்று பிரெஞ்சில் அடித்துச் சொன்னார். அவள் சிரித்தபடி சொன்ன பதிலைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“என்னவாம், அண்ணை?”

“மனிசி பிள்ளையளுக்கு மட்டும்தான் செல்லுமாம். நீ எனக்கு ரெண்டிலை எதெண்டு கேக்கிறாள்.”

மீன் ஏரிக்குத் திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. “அண்ணை, இதால சுகந்தி வாறது நிக்குமோ எண்டு கேளுங்க.”

அவர் கேட்டார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகப் பேசினாள். அண்ணை மொழிபெயர்த்தார்: “தனக்கும் குடிவரவுக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம். இந்தமுறை எச்சரிக்கை மட்டும்தானாம். உன்ர பேரிலை லைசென்ஸ் எடுக்கட்டாம். மனிசி வந்தால் அதிலையே அவவும் பிடிக்கலாமாம்.”

அன்று மாலையே போய் எடுத்தேன். இரவு தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்ல, சுகந்தி பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “நம்மட ஊர் வாவியில கிடக்கிற மீன் போதாதெண்டா கனடாவுக்குப் போன நீங்க?”

“சிரிக்காத புள்ள. லைசென்சில நீயும் இருக்காய்.”

அடுத்த கோடையில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். இப்போதும் இரவுச் சாப்பாடு முடிந்து நான் சோபாவில் சாய்ந்தால், மகள் தொட்டியில் கழுவாமல் கிடக்கும் பாத்திரங்களைக் காட்டி, “பப்பா, பெர்மி?” என்று அதிகாரக் குரலில் கேட்பாள். நான் வாய் திறக்குமுன் குசினிக்குள்ளிருந்து சுகந்தி பதில் சொல்லிவிடுவாள்:

“அவருக்கு நோ வேர்க், மகள். ஒன்லி ஈற்.”