இஞ்ச் பிசகாத டேப்

கடைசி ஒத்திகையில் கதாநாயகனின் தொப்பையில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. முகம் இருட்டில் நின்று வசனம் பேசிக்கொண்டிருந்தது.

"ஏய் டிகிரி, என்னத்த ஒட்டி வெச்சிருக்க?" முன்வரிசையிலிருந்து இயக்குநரின் குரல்.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று தெரிந்த நாளிலிருந்து அரங்கத்தில் அவளுக்கு அதுதான் பெயர். மேடை உதவியாளராக மூன்று மாதச் சோதனை வேலை இன்றோடு முடிகிறது. ஆறரை மணி நாடகத்தில் ஏதாவது பிசகினால் நாளை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இப்போது மணி ஐந்து.

யார் எங்கே நிற்பது என்பதற்குத் தரையில் வண்ண டேப். சிவப்பு கதாநாயகனுக்கு, மஞ்சள் அம்மா வேடத்துக்கு, நீலம் சோபாவின் கால்களுக்கு. பழையது கிழிந்து தொங்கியதால் காலையில் அவளே எல்லாவற்றையும் உரித்துப் புதிதாக ஒட்டினாள். இயக்குநர் கைப்பட வரைந்த பிளான்படி, அளவுநாடா வைத்து.

"பிளான்படிதான் சார் ஒட்டினேன்."

"என் பிளான்ல நாப்பது ஷோ நடந்திருக்கு. அது தப்புங்கிறியா?"

படித்தவளாயிற்றே, வாயை மூடிக்கொண்டாள்.

சிவப்பை இரண்டடி முன்னுக்கு நகர்த்தினாள். முகம் தெரிந்தது. ஆனால் தட்டோடு வந்த அம்மா அவர்மேல் முட்டினார். மஞ்சளைப் பின்னுக்குத் தள்ளினாள். கதவு திறந்து அம்மாவின் முதுகில் அறைந்தது.

"இடுப்பு போச்சுடி. எனக்குப் பதிலா நீயே நடிச்சிடு."

சோபாவைத் தள்ளினால் இடம் கிடைக்கும். தள்ளினாள். நீல டேப் தீர்ந்துவிட்டது. கைக்குக் கிடைத்த பச்சையைக் கிழித்தாள். வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு தரைக்கு வரமாட்டேன் என்றது.

பச்சை என்றால் இருட்டில் நடிகர்கள் வெளியேறும் வழி. அது அவளுக்கு நினைவு வந்தபோது, சோபாவில் உயிரை விட்டுக்கொண்டிருந்த கதாநாயகன் எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க செத்துட்டிருக்கீங்கண்ணே."

"காலடியில பச்சைய ஒட்டிட்டு சாகச் சொன்னா எப்படிம்மா?"

ஆறு மணி. வாசலில் கூட்டம் பேசுவது கேட்டது. இயக்குநர் மேடையேறி வந்தார்.

"அளக்கத் தெரியாதவளுக்கு டிகிரி ஒரு கேடு. பைய எடுத்துட்டுக் கிளம்பு."

அவளுக்குக் கண் எரிந்தது. அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் பிளானை அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே ஒட்டுங்க சார். சரியா வந்தா கிளம்புறேன்."

அவர் மண்டியிட்டு அளந்து ஒட்டினார். விளக்கு எரிந்தது. மறுபடியும் தொப்பை.

"தரை சாஞ்சிருக்கு," என்றார் இயக்குநர்.

 வாளியோடு வந்த தரை துடைக்கும் அக்கா, அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஐய, இதைப் பாத்தா ஒட்டினீங்க? மொத நாளே எல்லாரும் முட்டிக்கிறாங்கன்னு இதுபடி ஒட்டினதையெல்லாம் உரிச்சுப் போட்டுட்டு நானா ஒட்டினதுலதானே சார் நாப்பது ஷோவும் நடந்துச்சு."