எல்லாத்தோடயும் சேருமா?

வாங்குகிறவர்களில் இரண்டே வகைதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைக்குப் போய்ப் பேரம் பேசிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர் ஒரு வகை. கடைக்காரர் தலையில் கட்டியதைக் கொண்டுவந்து வீட்டில் திட்டு வாங்குகிறவர் இன்னொரு வகை. இந்த இரண்டிலும் சேராத மூன்றாம் வகை ஒன்று பெருகிக்கொண்டு வருகிறது. இந்த வகையைச் சேர்ந்தவர் எதையும் வாங்குவதில்லை. வாங்கப் போகிறார். போன தீபாவளிக்கும் வாங்கப் போனார், பொங்கலுக்கும் வாங்கப் போனார், இந்த வாரமும் வாங்கப் போகிறார். அலசல் பேர்வழி என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ஒரு பொருளைப் பற்றி ஐந்து நட்சத்திரம் போட்டு ஆகா ஓகோ என்று எழுதியவர்களை இவர் நம்பமாட்டார். அவர்களெல்லாம் கம்பெனிக்காரனின் மாமன் மச்சான்கள். நான்கு நட்சத்திரக்காரர்கள் தூரத்து உறவு. ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'என் வாழ்க்கையே பாழாகிவிட்டது' என்று எங்கேயோ ஓர் ஊரிலிருந்து அழுகிறானே, அந்தப் புண்ணியவானைத்தான் நம்புவார். அவனுக்காக மனம் வருந்துவார். அடுத்த மாடலைப் பார்க்கப் போவார். அந்த மாடலுக்கும் அழுவதற்கு ஒருவன் இருப்பான். உலகத்தில் அழுகிறவர்களுக்கா பஞ்சம்?

ஊரப்பாக்கத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஓர் அடுக்ககத்தின் முதல் மாடியில் இருக்கும் கிச்சா இந்த இனத்தின் பத்தரைமாற்றுத் தங்கம். சிறுசேரியில் மென்பொருள் வேலை. மனைவி மேக்னாவுக்கு நாவலூரில் வேலை. இவனுக்குப் பகல், அவளுக்கு மத்தியானத்தில் தொடங்கும் ஷிஃப்ட். இவன் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது அவள் மேஜைமேல் மூடிவைத்த குழம்புதான் இவனை வரவேற்கும். ஞாயிறு துணி துவைப்பதிலும் மளிகை வாங்குவதிலும் ஓடிவிடும். ஆக, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சாவகாசமாகப் பார்ப்பது சனிக்கிழமை சாயங்காலம்தான்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் மேக்னா அந்த யோசனையைச் சொன்னாள். அவளும் அவள் தம்பி தேஜஸும் சின்ன வயதில் டிவியில் கார் ரேஸ் ஆடி, அடித்துக்கொண்டு, அம்மாவிடம் உதை வாங்கியவர்கள். "நாமளும் சனிக்கிழமை ஆடலாமே கிச்சா. சும்மா ஆளுக்கொரு போனைப் பாத்துண்டு உக்காந்திருக்கறதுக்கு. டிவியிலேயே கேம் வரது. கையில வச்சுண்டு ஆடற கன்ட்ரோலர்தான் வேணும்" என்றாள்.

கிச்சாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. அவனுக்கும் ஆசைதான், அதில் பொய்யில்லை. "நீ கவலையே படாதே. நான் பாத்துக்கறேன்" என்றான். இந்த இனத்தைச் சேர்ந்தவர் 'நான் பாத்துக்கறேன்' என்று சொன்னால் அதற்குச் சொல்லுக்குச் சொல் அப்படியே பொருள். பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

முதல் வாரத்திலேயே ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தான். சில கன்ட்ரோலர்கள் டிவியோடு சேரும், லேப்டாப்போடு சேராது. சில லேப்டாப்போடு சேரும், அவனுடைய போனோடு முறைத்துக்கொள்ளும். சில ப்ளூடூத்தில் வரும், சிலவற்றுக்குக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு டாங்கிளைச் செருக வேண்டும். ஆகவே வயர் இல்லாத, வீட்டில் இருக்கும் எல்லாவற்றோடும் சேரும் ஒரே ஒரு கன்ட்ரோலர் வேண்டும் என்று முடிவு கட்டினான். செங்கல்பட்டில் அவன் அப்பா பட்டாபிராமன் உறவுக்காரர் வீட்டு ஜாதகங்களுக்கெல்லாம் பொருத்தம் பார்த்துக் கொடுக்கிறவர். ரஜ்ஜு தட்டுகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் சத்திரம் பேசியதுகூட ரத்தாகும். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? கிச்சா பொருத்தம் பார்க்க உட்கார்ந்தான். டிவியோடு பொருத்தம், லேப்டாப்போடு பொருத்தம், போனோடு பொருத்தம், தேஜஸ் வெளிநாடு போகும்போது விட்டுப்போன, கன்ட்ரோலர் உடைந்த பழைய கேம் பெட்டியோடு பொருத்தம்.

அதோடு விட்டானா? செங்கல்பட்டில் அம்மா சௌந்தரவல்லி உபன்யாசம் கேட்கும் டேப்லெட், சுருக்கமாக டேப், ஒன்று இருக்கிறதே! போன் போட்டான்.

"அம்மா, உன் டேப் என்ன வெர்ஷன்?"

"அதெல்லாம் எனக்கென்னடா தெரியும்? ஏன், எதுக்குக் கேக்கறே?"

"கேம் கன்ட்ரோலர் வாங்கறேன். உன் டேப்போடயும் சேருமான்னு பாக்கணும்."

"நான் ராமாயணம் கேட்டுண்டிருக்கேன். அதுக்கு என்னத்தடா சேக்கப் போறே?"

"நாளைக்கு யார் கண்டா?"

இந்த இனத்தின் மூல மந்திரம் இதுதான். நாளைக்கு யார் கண்டா? நாளைக்கு அம்மா உபன்யாசத்தை நிறுத்திவிட்டுத் துப்பாக்கி விளையாட்டில் இறங்கினால்? அன்றைக்கு நம் கன்ட்ரோலர் கைவிட்டுவிடக்கூடாது அல்லவா?

மேல்மாடியில் மனைவி சிநேகாவோடு இருக்கும் ஜோஷ்வாவும் சிறுசேரிதான், ஒரே ஆபீஸ் பஸ். ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் அவன் அப்பாவியாக, "எனக்கும் ஒரு கன்ட்ரோலர் வாங்கணும் மச்சான், எது நல்லாருக்கும்?" என்று கேட்டுவிட்டான். வண்டலூரில் ஆரம்பித்த கிச்சா கேளம்பாக்கம் தாண்டியும் மூச்சு விடவில்லை. சில கன்ட்ரோலர்களுக்குக் கொஞ்ச நாளில் கட்டைவிரலால் திருப்புகிற குச்சி தானாக நகர்கிற வியாதி வரும் என்றான். அதற்குக் காந்தம் வைத்த குச்சி என்று மாற்று வந்திருக்கிறது என்றான். அந்தக் காந்தத்திலும் நல்ல காந்தம், கெட்ட காந்தம் உண்டு என்றான். ஜோஷ்வா ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனான். அன்று சாயங்காலமே வழியில் ஒரு கடையில் நுழைந்து எதையோ இரண்டு வாங்கிக்கொண்டு போனான்.

"இன்னாத்த வாங்கினேன்னு கேக்காத. பேரு தெரியாது" என்றான் மறுநாள். "கையில புடிச்சா நல்லா கீது, அமுக்குனா ஓடுது. சிநேகாவும் நானும் நேத்து அட்ச்சிகினு ஆடுனோம். வேற இன்னா வேணும்?"

கிச்சா அவனை இரக்கத்தோடு பார்த்தான். பாவம், படித்தவன், இப்படி ஏமாந்துவிட்டானே என்று நினைத்தான்.

சனிக்கிழமைகள் போயின. நடுவில் ஒரு சனிக்கிழமை மேக்னா அவனை இழுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனாள். கடற்கரைக் கோயில் பக்கம் காற்று அள்ளிக்கொண்டு போனது. கல் சிற்பக் கடைத் தெருவில் ஒரு சின்ன யானையைப் பார்த்தாள், கையில் எடுத்தாள், "இது" என்றாள், வாங்கினாள். திரும்பிப் பார்த்தால் கிச்சா வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு போனில் ஒரு விமர்சன வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒருவன் கன்ட்ரோலரைப் பிரித்து ஸ்க்ரூ ஸ்க்ரூவாக மேஜையில் பரப்பியிருந்தான்.

"கிச்சா, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ எவ்ளோ நேரம் எடுத்துண்டே?"

"காபி ஆறறதுக்குள்ள சரின்னுட்டேனே" என்றான் பெருமையாக.

"அப்போ யாராவது என்னைப் பத்தி வீடியோ போட்டிருந்தா நான் இன்னும் எங்கம்மா வீட்லதான் இருந்திருப்பேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை. வீடியோவில் அந்த ஆள் காந்தத்துக்கு வந்துவிட்டான்.

பிறகு ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மேக்னா சொன்னாள்: "அடுத்த மாசத்துலேர்ந்து எனக்குச் சனிக்கிழமையும் ஷிஃப்ட். இனி ஞாயித்துக்கிழமை நான் தூங்கத்தான் சரியா இருக்கும். நமக்குன்னு இருக்கறது இந்த சனிக்கிழமை ஒண்ணுதான் கிச்சா. வாங்கறதுன்னா வாங்கு. இல்லேன்னா நான் இதைப்பத்திப் பேசவே மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அமைதியாகச் சொன்னாள். அந்த அமைதிக்குப் பயந்து, கிச்சா தன் பரம்பரையிலேயே யாரும் செய்யாத காரியத்தைச் செய்தான். அலசிவைத்ததில் சிறந்ததை, அடுத்த மாதம் புது மாடல் வரப்போகிறது என்று தெரிந்தும், கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டி வந்தது. அடடா, அந்தக் கன்ட்ரோலரின் அழகை என்ன சொல்ல! உள்ளங்கையில் உட்கார்ந்த மாதிரியே தெரியவில்லை. கிச்சா ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தான். டிவியோடு சேர்ந்தது. லேப்டாப்போடு சேர்ந்தது. போனோடு சேர்ந்தது. தேஜஸின் பழைய பெட்டி கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஓர் அப்டேட் போட்டதும் அதுவும் சமாதானத்துக்கு வந்தது. அம்மாவின் டேப்போடும் சேரும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. கிச்சாவின் கண்ணில் நீர் துளிர்த்தது. தான் மாசக்கணக்காகப் பட்ட பாடு வீண்போகவில்லை என்று பூரித்துப் போனான்.

சாயங்காலம் மேக்னா தலையை முடிந்துகொண்டு, ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலையோடு வந்து, டிவிக்கு எதிரே தரையில் அவனை ஒட்டி உட்கார்ந்தாள். அவளும் மத்தியானத்திலிருந்து உற்சாகமாகத்தான் இருந்தாள். தம்பியிடம் போனில், "இன்னிக்கு உன் அத்திம்பேரைத் தோக்கடிக்கப் போறேன்" என்றுகூடச் சொல்லியிருந்தாள். திரையில் கார்கள் வந்து வரிசையாக நின்றன. திரை பாதியாகப் பிரிந்தது, இடது பாதி ஒருவருக்கு, வலது பாதி ஒருவருக்கு. மேக்னா கையை நீட்டினாள்.

"என்னோடது எங்கே?"

கிச்சா அவள் கையைப் பார்த்தான். தன் கையில் இருந்ததைப் பார்த்தான். பெட்டியைக் கவிழ்த்தான். ஒரு வயர் விழுந்தது, டாங்கிள் விழுந்தது, யாரும் ஒட்டமாட்டாத ஒரு ஸ்டிக்கர் விழுந்தது.

மறந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். மறக்க வேண்டுமென்றால் ஒரு தடவையாவது நினைத்திருக்க வேண்டும். அத்தனை விமர்சனத்திலும், அத்தனை வீடியோவிலும், எத்தனை கருவி என்று கேட்டார்களே ஒழிய, ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்காத கேள்வியைக் கிச்சா எப்படி அலசுவான்?

மேக்னாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "டிவி, லேப்டாப், போன், தேஜஸ் பெட்டி, உங்கம்மா டேப்... அஞ்சுக்கும் பொருத்தம் பாத்தே கிச்சா. பொண்டாட்டிக்குப் பாக்கலியே" என்றாள்.

அப்போது அவன் என்ன சொல்லியிருக்கலாம்? 'நீ ஆடு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்' என்று கன்ட்ரோலரை அவள் கையில் வைத்திருக்கலாம். ஆளுக்கொரு ஆட்டம் என்று மாற்றி மாற்றி ஆடியிருக்கலாம். கடலையையாவது தின்றிருக்கலாம். அவன் கை போனுக்குப் போனது.

"இரு இரு. ரெண்டாவது ஒண்ணு வாங்கிடலாம். இதே மாடல் வாங்கறதா, இல்ல அடுத்த மாசம் வரதே, அதுவான்னுதான்..."

மேக்னாவின் சிரிப்பு நின்றது. கடலைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சிநேகா வீட்டுக்குப் போறேன். கதவைச் சாத்திக்கோ" என்றாள்.

சற்று நேரத்தில் மேல்மாடியிலிருந்து கார்கள் சீறும் சத்தம் கேட்டது. பிறகு மேக்னாவின் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்த கிச்சா, டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டான். அப்போது ஜோஷ்வா போன் செய்தான்.

"இன்னா மச்சான், தனியா குந்திகினு இன்னா பண்ற? உன்னுத எட்த்துகினு மேல வா. நாலு பேரும் மாத்தி மாத்தி ஆடலாம். உன் வூட்டம்மா பட்டைய கெளப்பிகினு கீது, சீக்கிரம் வா."

கிச்சா துள்ளி எழுந்தான். கன்ட்ரோலரை எடுத்தான். கதவுவரை போனான். படிக்கட்டு எதிரேதான் இருந்தது. அங்கே நின்றவன், போனை மறுபடியும் காதில் வைத்து, "ஜோஷ்வா, உங்க டிவி என்ன மாடல்?" என்றான்.

மாடலைக் கேட்டுக்கொண்டான். வாசற்படியிலேயே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தான். அந்த டிவியோடு சேரவில்லை என்று ஒருவன் ஒற்றை நட்சத்திரம் போட்டு அழுதிருந்தான். சேர்கிறது என்று இன்னொருவன் அவனுக்குப் பதில் எழுதியிருந்தான். அந்தப் பதிலுக்கு ஒரு பதில் இருந்தது. அதையும் படித்து முடித்து, சந்தேகமே இல்லை என்று தெளிந்து, அவன் நிமிர்ந்தபோது மேலே சத்தம் அடங்கியிருந்தது. மேக்னா காலிக் கிண்ணத்தோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"மேக்னா!" என்றான் கிச்சா, முகமெல்லாம் மலர. "சேருமாம்!"

அவள் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கிச்சாவை நினைத்துச் சிரிக்கிறீர்கள், இல்லையா? நல்லது. நீங்கள் அப்படியெல்லாம் கிடையாது, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். போன கோடையில் வாங்குவதாகச் சொன்ன அந்த ஏர்கூலர் எந்த அறையில் இருக்கிறது? பதிலை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, நிதானமாகவே சொல்லலாம். அதற்குள் பக்கத்தில் யாராவது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.