மோதிர விரல் நிறம்

ஆட்கள் முன்னால் கைகளை எங்கே வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கலியாண வீட்டில் முந்தானைக்குள் வைப்பேன். பாடசாலைக் கூட்டத்தில் பைக்குள் விட்டுக்கொள்வேன். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்க்கிற யாரும் எனக்குக் கை இருக்கிறதென்று சத்தியம் பண்ண முடியாது. கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் கையை ஒளிக்கும் பழக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தது. அதற்குக் காரணம் இருபது பேய்கள்.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. இலங்கையில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்துகொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. குழந்தைகளிடம் எனக்குக் கூச்சம் கிடையாது. (அவர்களும் பேச மாட்டார்கள்.) ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை வைத்துச் சுவரில் ஒரு முயல், ஒரு யானை, ஒரு கிளி வரைந்திருந்தேன். யானையைப் பன்றி என்று நினைத்தவர்கள் உண்டு. கிளி மட்டும் நன்றாக வந்திருந்தது.

ஒருநாள் பார்வையிட வந்த சின்னத்துரை (தோட்டத்து உதவி மேனேஜர்) அந்தக் கிளிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் கொழும்பிலிருந்து வந்த சிங்கள இளைஞர். தோட்டத்தில் பொறுக்கிய தமிழைப் பயமே இல்லாமல் பேசுவார்.

"இது யாரு போட்டது?"

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். "நான்தாங்க தொரை."

"கை நடுங்காதா?"

"ஆளுங்க பாக்காட்டி நடுங்காதுங்க."

மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் சாம்பல் நிற ஈயப் பொம்மைகள் இருபது. கூர்க்காது, தொங்கும் மூக்கு, பானை வயிறு, கையில் கோடரி. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. லண்டனில் இருக்கும் அவருடைய அண்ணன் அனுப்பியதாம். மேசைமேல் இந்தப் பேய்ப் படையை நிறுத்தி, கட்டை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டாம். அடுத்த மாதம் கொழும்பு நண்பர்கள் தங்கள் படைகளோடு பங்களாவுக்கு வருகிறார்கள். பெயின்ட் அடிக்காத படையோடு அவர்கள் முன்னால் உட்கார்ந்தால் மானம் போய்விடுமாம். முந்நூறு பேரை விடிகாலைப் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்து வேலை பிரிக்கிற மனிதர், பேய்ப் பொம்மைக்குச் சட்டை இல்லையென்று கலங்கி நிற்பதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

அவரே அடித்துக் கெடுத்த வேறு இரண்டையும் காட்டினார். நிறம் பிடிக்காமல் மேலே மேலே பூசியதில் இரண்டுக்கும் மூக்கே காணாமல் போயிருந்தது.

"ஒரு தடவதான் அடிக்கணும். இருபதும் ஒரே கூட்டம் மாதிரி இருக்கணும். பச்சதான் சரி. ஆனா மொதல்ல டெஸ்ட் பண்ணு, ஆ?"

சின்னச் சின்ன டின்களில் பெயின்டும், புருவ மயிர் அளவு தூரிகையும் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா டின்னைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சாமி விளக்கைக் கொளுத்தினாள். பிறகு இரண்டு கட்டளை போட்டாள்.

"பச்ச அம்மன் கலரு. அத பேய்க்குப் பூசாத. இன்னொண்ணு, கண்ணு மட்டும் வச்சிராத."

கோயில் சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். அதற்குப் பிறகுதான் சாமி வரும். அம்மாவின் கணக்கில் அதே சட்டம் பேய்க்கும் உண்டு. கண் வைத்தால் இருபதும் எழுந்துவிடும். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள், இதையெல்லாம் நம்ப மாட்டேன். (இருந்தாலும் வைக்கவில்லை.)

துரைக்குப் பச்சை வேண்டும், அம்மாவுக்குப் பச்சை கூடாது. அதனால் பச்சையில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, இருவரும் திட்டாத ஒரு நிறத்தைத் தேடினேன். எதில் பூசிப் பார்ப்பது? காகிதம் பெயின்டைக் குடித்துவிட்டது. டின் மூடி தட்டையாக இருந்ததால் பேயின் தோல் எப்படித் தெரியும் என்று அதில் புரியவில்லை. பேயில் பூசினால் மூக்கு போய்விடும். அப்போதுதான் என் நகம் கண்ணில் பட்டது. சின்னது, வளைவானது, வழவழப்பானது. கட்டைவிரல் நகமும் பேயின் வயிறும் ஒரே அளவு. உலகத்திலேயே முதலில் எனக்குத்தான் இப்படியொரு யோசனை வந்ததென்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் இடக்கையின் ஐந்து நகங்களிலும் அடித்தேன். கட்டைவிரலில் தனிப் பச்சை. ஆட்காட்டி விரலுக்குக் கொஞ்சம் சிவப்பு. அப்படியே கூட்டிக்கொண்டு போய், சுண்டு விரலில் கிட்டத்தட்ட கருந்தவிட்டு நிறம். காலை வெயிலில் பார்த்து முடிவு செய்யலாம், பிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடலாம் என்று கையை விரித்தபடியே படுத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்கப் பூனாகலைப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு தடவையும் நான் வாயே திறக்காததால், பெண் ஊமையோ என்று சந்தேகப்பட்டுப் போய்விட்டார்கள். அம்மா மூன்றாவதை நம்பி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். நான் நம்பியது வேறு காரணத்துக்காக. மாப்பிள்ளையின் போட்டோ வந்திருந்தது. அதில் அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ மிரட்டி நிறுத்தியதுபோல் நின்றார். அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இவரும் போய்விடக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா வாசலில் நின்று கத்தினாள்.

"ஏ புவனா! பூனாகலக்காரவுங்க வேன்ல வந்து எறங்குறாங்கடி!"

ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். சொந்தக்காரர் வேன் பதுளைக்குப் போகிறதென்று தொற்றிக்கொண்டார்களாம். நான் மண்ணெண்ணெய்ப் போத்தலிடம் ஓடினேன். துணியில் நனைத்துத் தேய்த்தேன். நன்றாகக் காய்ந்துபோன பெயின்ட் போகவில்லை. மேலே இருந்த தூசிதான் போனது. ஐந்து நகமும் முன்னைவிடப் பளபளத்தன.

"தேத்தண்ணிய எடுத்துக்கிட்டு வா புள்ள!" என்று அம்மாவின் குரல் (விருந்தாளிகள் இருந்தால் மட்டும் வருகிற இனிப்புக் குரல்).

தட்டத்தைப் பிடித்தால் நான்கு விரல் அடியில் போய்விடும்; கட்டைவிரல் மட்டும்தான் மேலே தெரியும். ஒரு விரலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று துணிந்து வெளியே வந்தேன்.

மாப்பிள்ளையின் அத்தை பார்த்தார். அவர் ஊசி கோர்க்கக் கண்ணாடி தேடுகிறவர் என்று பிறகு தெரிந்தது. ஆனால் என் கட்டைவிரல் அவருக்கு வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது.

"ஏம்மா, வெரலு ஏன் பச்சையா இருக்கு?"

அம்மா முந்திக்கொண்டாள். "மருதாணிங்க."

"மருதாணி பச்சையாவா புடிக்கும்?"

"இப்பதாங்க வச்சா. இனிமேதான் செவக்கும்."

அத்தை தட்டத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் இடக்கையைப் பிடித்துத் திருப்பினார். ஐந்து விரலும் வெயிலில் வரிசையாக மின்னின.

"இந்தா, சுண்டு வெரல்ல செவந்து முடிஞ்சு கருத்தே போச்சே! மண்ணெண்ண வாடை வேற. என்னா வியாதிம்மா இது?"

என் அப்பா வாழ்க்கையில் பொய் சொல்லாதவர். அதனால் வீட்டில் அவரைப் பேச விடுவதில்லை. அன்று யாரும் தடுப்பதற்குள் பேசிவிட்டார்.

"வியாதி இல்லீங்க. பேய்க்கு அடிக்கிற பெயின்டு."

"என்னா பேய்?"

அப்பா எழுந்துபோய் டின்னைக் கொண்டுவந்து, பெஞ்சில் வரிசையாக எடுத்து வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா கால்களை மேலே தூக்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க, கண்ணு இன்னும் தொறக்கல. உசுரு வராது" என்றாள் அம்மா. ஆறுதல் சொல்கிறாளாம்.

"எத்தன இருக்கு?"

"இருபதுங்க" என்றார் அப்பா, குறைக்காமல்.

"இருபதா! டேய் தியாகு, எந்திரி. வேன் பொறப்பட முந்தி போயிருவோம்" என்று அத்தை மாப்பிள்ளையை அதட்டினார்.

தரை பிளந்து என்னை எடுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அத்தை இன்னும் என் கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை. போட்டோவில் இருந்தவர் மூன்றடி தள்ளி இருந்தார். அவர் எழுந்து போகும்போது முகத்தைப் பார்க்க வேண்டாமென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் எழுந்தார். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. என் கைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தைத் தட்டில் பரப்பி, நிறம் மாறும்வரை காவல் இருந்து, சரியான நேரத்தில் அடுப்புக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சாயம் செத்துப்போகும்.

"கட்ட வெரலு இப்பதான் அரைச்ச கொழுந்து" என்றார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "இது அர மணி நேரம். நடு வெரலு இன்னும் கொஞ்சம் பொறுக்கணும். இந்தா, மோதிர வெரலு. இதான் கலரு. இதுல அடுப்புக்கு அனுப்பிறணும். சுண்டு வெரலு…" உச்சுக்கொட்டினார். "காவல் இருந்தவனுங்க தூங்கிட்டானுங்க. கெட்டுப்போச்சு."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "அண்ணி, இவன் இவ்வளவு பேசுவானா?" என்று அத்தை மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்டார்.

"எப்படிங்க கலந்தீங்க?" அவர் என்னிடம்தான் கேட்டார்.

"பச்சைல செவப்புங்க. மோதிர வெரலுக்கு ஏழு சொட்டு. எட்டாவது ஊத்துனா கருக்குது. ஏழுதான்."

இரண்டு பெண் பார்ப்புகளில் நான் பேசாததையெல்லாம் அந்த ஒரே மூச்சில் பேசிவிட்டேன். அம்மா அழுதேவிட்டாள். ஊமை இல்லையென்று தெரிந்துவிட்டதல்லவா.

அத்தை தேத்தண்ணியைக் குடித்து, "மண்ணெண்ண வாடைதான். பரவால்ல" என்றார். அதுதான் சம்மதம்.

இருபது பேய்க்கும் மோதிர விரல் நிறத்தையே அடித்தேன். செம்புக் குடம்போல் ஜொலித்தன. பச்சை கேட்டவருக்குச் செம்பு கொடுக்கிறோமே என்று பயந்துகொண்டே கொண்டுபோனேன். சின்னத்துரை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்ல பச்ச" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. பாவம், அந்த மனிதருக்குப் பச்சையும் தவிட்டு நிறமும் ஒன்றாகத்தான் தெரிகிறது. தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு! மூக்கு போன இரண்டு பேய்களின் கதையும் விளங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் ஏன் இல்லை என்று கேட்டதற்கு அம்மாவின் பயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க பன்சலையிலயும் புத்தருக்குக் கண்ணு கடைசியிலதான்" என்று தலையாட்டிவிட்டு, குருட்டுப் படையோடேயே விளையாடப் போனார். தோற்றாராம். ஆனால் "இந்தக் கலர் யார் யோசனை?" என்று நண்பர்கள் வியந்தார்களாம், "என் யோசனைதான்" என்று சொல்லிவிட்டாராம். என் கலியாணத்துக்கு ஒரு பேயைப் பரிசாகக் கொண்டுவந்தபோது அவரே ஒப்புக்கொண்டார்.

அந்தப் பேய் இன்றும் எங்கள் அடுப்பங்கரையில் தேயிலை டின் பக்கத்தில் கண்ணில்லாமல் நிற்கிறது. எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்கு லைட், ஸ்ட்ராங் என்ற பேச்சு கிடையாது. "அத்தைக்கு நடு விரல் போதும், அவருக்கு மோதிர விரல்" என்றுதான் சொல்வோம். கொதித்துக் கருத்துப் போனால் சுண்டு விரல். புதிதாக வருகிற விருந்தாளிகள் பயந்து தண்ணீர் கேட்பார்கள்.

போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை நடுநாயகமாக உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "பெயின்டு டின்னெல்லாம் ஒளிச்சு வச்சாச்சா?" என்றார். மகள் தட்டத்தோடு வந்தாள். பத்து நகத்திலும் பத்து நிறம்! இப்போது அதுதான் நாகரிகமாம். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் அவள் கையைப் பிடித்து, "அழகா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். அவள் பாட்டுக்குக் கடை பெயர், விலை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்தில் என் கைதான் முந்தானைக்குள் போய்விட்டது.

இவர் தன் கோப்பையை எடுத்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் என் இடக்கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, பெயின்டே இல்லாத மோதிர விரலைக் கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார்.

"இன்னும் ஒரு சொட்டு வேணும்" என்றார்.